தூரிகை இல்லாத மோட்டாரில் சுவிட்சு போடுவது யார்?

பேரையூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர்கள் சிலருக்குச் சிறிய கார்ப் பந்தயத்தில் ஆர்வம் அதிகம். உண்மைக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவில், ரேடியோ அலைகளால் இயக்கப்படும் பொம்மைக் கார்கள் அவை. அறுவடை முடிந்த கரிசல் நிலமே பந்தயத் திடல். நான்கு செங்கற்களை மூலைக்கு ஒன்றாக வைத்தால் பாதை தயார்.

கடந்த கோடை விடுமுறைக்குப் பின் அவர்களில் ஒருவர் என் ஆய்வகத்துக்கு வந்தார். கையில் பளபளப்பான புது மோட்டார் ஒன்று. விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது.

"சார், இது பிரஷ்லெஸ் மோட்டார். ரொம்ப வேகமா ஓடும்னு சொன்னாங்க. காருல மாட்டினேன். ஒரே ஒரு துடிப்பு துடிச்சுது. அப்புறம் அசையவே இல்ல. தொட்டுப் பாத்தா கொதிக்குது."

"இதுல மூணு கம்பி இருக்கே தம்பி, எப்படி இணைச்சீங்க?" என்று கேட்டேன்.

"பழைய மோட்டாருக்கு ரெண்டு கம்பிதான் சார். அதனால இதுலயும் ரெண்டை மட்டும் இணைச்சேன்."

விடை அந்தச் சொற்களிலேயே இருந்தது. இரண்டு கம்பிக்கும் மூன்று கம்பிக்கும் என்ன வேறுபாடு? தூரிகை உள்ள மோட்டாரைவிடத் தூரிகை இல்லாத மோட்டார் எவ்வகையில் சிறந்தது? குறைந்த பணம் உள்ளவர் எதை வாங்கலாம்? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தூரிகையின் வேலை

பள்ளிப் பாடத்தில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்வோம். காந்தப் புலத்தில் உள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால் சுருளின் ஒரு பக்கம் மேலேயும் மறு பக்கம் கீழேயும் தள்ளப்படுகிறது, சுருள் திரும்புகிறது. ஆனால் அரைச் சுற்று முடிந்ததும் சிக்கல் எழுகிறது. பக்கங்கள் இடம் மாறிவிட்டதால், அதே திசையில் மின்னோட்டம் தொடர்ந்தால் சுருள் வந்த வழியே திரும்பித் தள்ளப்படும். ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடி அது நின்றுவிடும்.

இதைத் தவிர்க்க, ஒவ்வோர் அரைச் சுற்றிலும் மின்னோட்டத்தின் திசையை மாற்ற வேண்டும். அச்சில் பொருத்திய பிளவு வளையமும் அதன்மேல் உரசிக்கொண்டிருக்கும் இரண்டு தூரிகைகளும் இவ்வேலையைச் செய்கின்றன. வளையம் சுருளோடு சேர்ந்து சுழல்வதால், சரியான இடம் வந்ததும் இணைப்பு தானாகவே மாறுகிறது. அதாவது, தூரிகையும் வளையமும் சேர்ந்து ஒரு சுவிட்சு. அந்தச் சுவிட்சைப் போடும் கை, சுழலும் அச்சே.

சாதாரணப் பொம்மை மோட்டாரைத் திறந்து பார்த்தால் வளையம் மூன்று துண்டுகளாக இருப்பதைக் காணலாம்; சுருள்களும் மூன்று. இரண்டு துண்டுகள் மட்டும் இருந்தால், சுருள் சில நிலைகளில் நிற்கும்போது மோட்டார் புறப்படாமல் போகலாம். மூன்று இருந்தால் எந்த நிலையிலிருந்தும் அது தானாகப் புறப்படும். இந்த 'மூன்று' என்ற எண்ணை மறந்துவிடாதீர்கள். பின்னர் மீண்டும் சந்திப்போம்.

கார்பன் கட்டிக்குத் தூரிகை என்ற பெயர் எப்படி வந்தது? தொடக்க கால மின் எந்திரங்களில் மெல்லிய செப்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டி வளையத்தின்மீது உரச விட்டார்கள். பார்ப்பதற்கு அது தூரிகை போலவே இருந்தது. 1885-இல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் செம்புக்குப் பதிலாகக் கார்பனைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கார்பன் மென்மையானது, வளையத்தை அதிகம் தேய்க்காமல் தானே தேயும். பொருள் மாறியது, பெயர் நிலைத்தது. நம் வீட்டு மிக்சி நின்றுவிட்டால் பழுது பார்ப்பவர் "கார்பன் தேஞ்சு போச்சு" என்கிறாரே, அந்தக் கார்பன் இதுதான்.

தூரிகைக்கு நாம் தரும் விலை

உரசும் பொருள் தேயும். இது முதல் விலை. இணைப்பு மாறும் ஒவ்வொரு கணமும் சிறு தீப்பொறி எழும். இது இரண்டாவது விலை. மிக்சி ஓடும்போது காற்றுத் துளைகள் வழியே நீல ஒளி தெரிவதும், ஒருவகைக் காரமான மணம் வருவதும் இப்பொறிகளால்தான்.

மூன்றாவது விலை கண்ணுக்குத் தெரியாதது. மின்னோட்டம் கார்பனிலிருந்து வளையத்துக்குத் தாவும் இடத்தில் சிறிது மின்னழுத்தம் வீணாகிறது. இரண்டு கார்பன் தூரிகைகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 வோல்ட் என்று கொள்ளலாம். 230 வோல்ட்டில் ஓடும் மிக்சிக்கு இது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் 7.2 வோல்ட் பேட்டரியில் ஓடும் பந்தயக் காருக்கு 2 வோல்ட் என்பது கால் பங்குக்கும் மேல்! ஆகவேதான் பொம்மை மோட்டார்களின் தூரிகையில் கார்பனோடு செப்புத் தூளையும் கலக்கிறார்கள். அப்போது இழப்பு குறையும், ஆனால் மறையாது.

ஒரு கணக்குப் போடுவோம். எளிமைக்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. பேட்டரி 7.2 வோல்ட், மின்னோட்டம் 10 ஆம்பியர், சுருளின் மின்தடை 0.1 ஓம், தூரிகைகளில் இழப்பு 0.5 வோல்ட்.

மோட்டாருக்குள் செல்லும் திறன் 72 வாட். சுருளில் வெப்பமாவது 10 வாட். தூரிகைகளில் வெப்பமாவது 5 வாட். எஞ்சிய 57 வாட்டே சக்கரத்தைச் சுழற்றக் கிடைக்கிறது. தூரிகை இல்லையென்றால் 62 வாட் கிடைத்திருக்கும். அந்த 5 வாட் வேகத்தில் ஏற்படுத்தும் வேறுபாடு சிறிதுதான். ஆனால் அது முழுவதும் சில சதுர மில்லிமீட்டர் பரப்பில் வெப்பமாகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். தூரிகையைத் தாங்கும் சுருள்வில் தளர்வதும் வளையம் கருகுவதும் இதனால்தான். காற்றுக்காக விட்ட துளைகள் வழியே கரிசல் புழுதியும் புகுந்துவிட்டால் தேய்மானம் மேலும் விரைவாகும்.

உள்ளது வெளியே, வெளியே உள்ளது உள்ளே

தூரிகை இல்லாத மோட்டாரில் அமைப்பே தலைகீழ். பழைய மோட்டாரில் காந்தம் வெளியே நிலையாக இருக்கும். சுருள் உள்ளே சுழலும். புதியதில் சுருள்கள் வெளிக்கூட்டில் நிலையாக உள்ளன. காந்தம் அச்சோடு சேர்ந்து உள்ளே சுழல்கிறது. சுழலாத சுருளுக்கு மின்சாரம் கொண்டுசெல்ல உரசும் தூரிகை எதற்கு? கம்பியை நேரே இணைத்துவிடலாம்.

இன்னொரு நன்மையும் உண்டு. வெப்பம் பிறப்பது சுருளில். பழைய மோட்டாரில் அவ்வெப்பம் உள்ளேயிருந்து காற்று இடைவெளியைத் தாண்டி வெளியே வரவேண்டும். புதியதில் சுருள் வெளிக்கூட்டோடு ஒட்டியிருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறுகிறது. எனவே அதே அளவு மோட்டாரிலிருந்து அதிகத் திறனைப் பெற முடிகிறது.

ஆனால் திசை மாற்றும் வேலை மறைந்துவிட்டதா? இல்லை. காந்தம் சுழலச் சுழல, வெளியே உள்ள மூன்று சுருள்களில் மின்னோட்டத்தை முறைப்படி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பு வளையத்தில் மூன்று துண்டுகள். இப்போது வெளியே மூன்று கம்பிகள். வேலை அதேதான், செய்பவர்தான் வேறு. ஆறு டிரான்சிஸ்டர்கள் கொண்ட வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி அதை ஏற்றுக்கொள்கிறது.

இவ்வேலை எவ்வளவு விரைவானது? ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3,000 சுற்று என்று குறிக்கப்பட்ட மோட்டாரை எடுத்துக்கொள்வோம். 7.4 வோல்ட் பேட்டரியில், சுமை இல்லாதபோது அது நிமிடத்துக்கு 22,200 சுற்று, அதாவது நொடிக்கு 370 சுற்று சுழலும். இரு முனைக் காந்தமானால் சுற்றுக்கு ஆறு மாற்றங்கள். நொடிக்கு 2,220 மாற்றங்கள்!

டிரான்சிஸ்டர் வந்த பிறகே இது இயலக்கூடியதாயிற்று. தூரிகைக்குப் பதில் டிரான்சிஸ்டர்களால் திசை மாற்றும் மோட்டாரை 1962-இல் அமெரிக்காவில் வில்சன், டிரிக்கி என்ற இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினர். 1980-களில் நியோடிமியம் காந்தம் கண்டுபிடிக்கப்பட்டதும் சிறிய மோட்டாரிலும் வலிமையான காந்தத்தை வைக்க முடிந்தது.

காந்தம் எங்கே நிற்கிறது?

பழைய மோட்டாரில் வளையம் அச்சிலேயே இருந்ததால் சுருளின் நிலையைத் தனியே அறியத் தேவையில்லை. புதியதில் காந்தத்தின் நிலையைப் பெட்டி எவ்வாறு அறிகிறது? இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, ஹால் விளைவு உணரிகளை மோட்டாருக்குள் வைப்பது. 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த இவ்விளைவினால், காந்த முனை அருகில் வந்ததும் உணரியில் மின்னழுத்தம் தோன்றும். மற்றொன்று, உணரி இல்லாத மலிவான வழி. எந்த நேரத்திலும் மூன்று சுருள்களில் இரண்டில் மட்டுமே மின்னோட்டம் பாயும். ஓய்வாக இருக்கும் மூன்றாவது சுருளில் சுழலும் காந்தம் ஒரு மின்னழுத்தத்தைத் தூண்டும். பெட்டி அதை அளந்து நிலையைக் கணிக்கிறது.

இரண்டாவது வழியில் ஒரு குறை உண்டு. கார் நிற்கும்போது காந்தம் சுழலவில்லை; மின்னழுத்தமும் இல்லை. பெட்டி குருட்டாம்போக்கில்தான் தொடங்க வேண்டும். மலிவான தூரிகையில்லாக் கார்கள் புறப்படும்போது திக்கித் திணறுவது இதனால்தான். தூரிகையுள்ள பழைய கார் அந்தக் கணத்தில் மிருதுவாகப் புறப்பட்டு முந்திவிடும்.

புது மோட்டார் ஏன் கருகியது?

மாணவரின் மோட்டாரை மேசைமேல் வைத்துத் திறந்தோம். மூன்று சுருள் தொகுதிகளில் இரண்டு கரிந்து கறுத்திருந்தன. மூன்றாவது, புதுச் செம்பின் நிறம் மாறாமல் இருந்தது. காந்தத்துக்குக் கேடு ஒன்றுமில்லை.

தூரிகை மோட்டாருக்கான பழைய பெட்டி, இரண்டு கம்பிகளின் வழியே ஒரே திசையில் மின்னோட்டம் அனுப்பவே தெரிந்தது. திசை மாற்றும் பொறுப்பை அது தூரிகையிடம் விட்டிருந்தது. புது மோட்டாரிலோ தூரிகை இல்லை. ஆகவே காந்தம் ஒருமுறை துடித்து, சுருள்களின் புலத்துக்கு நேராக நின்றுவிட்டது. சுழலும் மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை தோன்றி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். நின்றுபோன மோட்டாரில் அது இல்லை. நாம் முன்பு கொண்ட எண்களின்படியே 7.2 வோல்ட்டை 0.1 ஓம்மால் வகுத்தால் 72 ஆம்பியர்! பேட்டரியும் பெட்டியும் அவ்வளவைத் தரமாட்டா. தந்த அளவே சுருளைக் கருக்கப் போதுமானதாக இருந்தது.

எதை வாங்கலாம்?

தூரிகை மோட்டாருக்கும் பெருமை உண்டு. ஜப்பானின் டாமியா நிறுவனம் 1976-இல் தன் முதல் ரேடியோ காரை வெளியிட்டது. அதில் இருந்த, சுமார் 36 மி.மீ. விட்டமுள்ள '540' வகை மோட்டார் இன்றும் தொடக்கநிலைக் கார்களில் ஓடுகிறது. அனைவரும் இந்த ஒரே மோட்டாரோடு ஓடினால், பணத்தைவிடக் கைத்திறனே வெற்றியை முடிவு செய்யும். பந்தயக்காரர்கள் மோட்டாரைக் கம்பிச் சுற்றுகளின் எண்ணிக்கையால் வகைப்படுத்துகின்றனர். 27 சுற்றுத் தூரிகை மோட்டாருக்கு ஏறத்தாழ இணையாக 17.5 சுற்றுத் தூரிகையில்லா மோட்டாரைக் கொள்வது அவர்கள் வழக்கம்.

தூரிகையில்லா மோட்டாரை வாங்குபவர் மோட்டாரின் விலையை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கேற்ற மூன்று கம்பிப் பெட்டி வேண்டும்; அதிக மின்னோட்டம் தரும் பேட்டரி வேண்டும்; கூடிய விசையைத் தாங்கும் பற்சக்கரம் வேண்டும். இந்நான்குக்கும் பணம் இருந்தால் வாங்கலாம். தேய்மானம் இன்றிப் பல ஆண்டு உழைக்கும். மோட்டாருக்கு மட்டுமே பணம் இருந்தால், தூரிகை மோட்டாரிலேயே ஓட்டிப் பழகுவது அறிவுடைமை.

கோவையில் சுழலும் விசிறி

இந்தக் கணக்கு பந்தயத்தோடு முடிவதில்லை. கோயம்புத்தூரைச் சேர்ந்த வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012-இல் 'சூப்பர்ஃபேன்' என்ற கூரை மின்விசிறியை வெளியிட்டது. முழு வேகத்தில் அது எடுத்துக்கொள்வது 35 வாட். சாதாரண விசிறிக்கு ஏறத்தாழ 75 வாட். புது விசிறியில் இருப்பது நாம் மேலே கண்ட அதே வகை மோட்டார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். சாதாரண விசிறியிலும் தூரிகை கிடையாதே! உண்மைதான், அது தூண்டல் மோட்டார். அதன் சுழலும் பகுதியில் காந்தம் இல்லாததால், அங்கே மின்னோட்டத்தைத் தூண்டியே காந்தத்தன்மையை உண்டாக்க வேண்டும். அம்மின்னோட்டம் வெப்பமாக வீணாகிறது. நிலைக்காந்தம் வைத்தால் அந்த வீண் செலவு இல்லை. நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால், 40 வாட் சேமிப்பு மாதத்துக்கு 12 யூனிட் ஆகும்.

நீங்களே செய்து பாருங்கள்

பழைய பொம்மை மோட்டார் ஒன்றின் அச்சை விரலால் சுழற்றுங்கள். பிறகு அதன் இரு முனைகளையும் கம்பியால் இணைத்துவிட்டுச் சுழற்றுங்கள். அச்சு இறுகினாற்போல் தோன்றும். உங்கள் விரல் அப்போது உணர்வது, மின்னியக்கு விசை உண்டாக்கும் மின்னோட்டத்தின் எதிர்ப்பையே. மூன்று கம்பி மோட்டார் கிடைத்தால் எந்த இரண்டு கம்பிகளை இணைத்தாலும் இது நிகழ்வதைக் காணலாம்.

அந்த மாணவர் பழைய மோட்டாரையே காரில் மீண்டும் பூட்டிவிட்டார். சரியான பெட்டிக்காக இப்போது பணம் சேர்த்து வருகிறார். கருகிய மோட்டார் எங்கள் ஆய்வக அலமாரியில் இருக்கிறது. மின் மோட்டார்ப் பாடம் வரும்போதெல்லாம் அதை வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன். கறுத்த இரண்டு சுருள்களையும் கறுக்காத ஒன்றையும் காட்டி, "இதுல சுவிட்சு போட வேண்டியவங்க யாரு?" என்று கேட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவது வழக்கம்.