கேட்டது 51 ஆயிரம் டாலர். செலவானது 26 லட்சம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத் தலைநகர் அட்லாண்டா. 2018 மார்ச் 22 அன்று அந்நகர அரசின் கணினிகளில் பல கோப்புகளைத் திறக்க முடியாமல் போயிற்று. 'சாம்சாம்' என்னும் ரான்சம்வேர் அவற்றைப் பூட்டியிருந்தது. பூட்டைத் திறக்கச் சுமார் 51 ஆயிரம் டாலரை பிட்காயினாகத் தரும்படி தாக்கியவர்கள் கேட்டனர். மக்களால் இணையவழியில் குடிநீர்க் கட்டணம் செலுத்த முடியவில்லை. நகர நீதிமன்றத்தின் பணிகள் முடங்கின. காவலர்கள் அறிக்கைகளைக் கையால் எழுதினர். ஊழியர்கள் தம் கணினிகளை மீண்டும் இயக்கலாம் என்ற அனுமதி 5 நாள்களுக்குப் பிறகே கிடைத்தது.

நகர அரசு கேட்ட பணத்தைக் கொடுக்கவில்லை. ஆனால், அவசர ஒப்பந்தங்களுக்கே சுமார் 26 லட்சம் டாலர் ஒதுக்கியது. கேட்ட தொகையைப் போல இது ஏறத்தாழ 50 மடங்கு!

"கேட்டதைக் கொடுத்திருந்தால் மிச்சமாகியிருக்குமே?" என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. பணம் கொடுத்தாலும் கோப்புகள் முழுமையாகத் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. திருடர் நுழைந்த வழியும் திறந்தே இருக்கும். எனவே, பணம் கொடுத்தாலும் சீரமைப்புச் செலவு இல்லாமல் போகாது. கொடுத்த பணமோ அடுத்த ஊரைத் தாக்க உதவும்.

இத்தகைய தாக்குதலுக்குப் பின் ஒரு நகர அரசு எதற்கெல்லாம் செலவிடுகிறது?

தொழில்நுட்பப் பணி: தாக்கியவர்கள் எப்படி நுழைந்தனர், எதை எடுத்தனர் என்று வல்லுநர்கள் ஆராய்வர். பின்னர் கணினிகளைத் தூய்மைப்படுத்தி, காப்பு நகல்களிலிருந்து தரவுகளை மீட்பர்.

சட்டப் பணி: சான்றுகள் அழியாமல் காக்க வேண்டும். மக்களின் தனிப்பட்ட விவரங்கள் கசிந்திருந்தால் சட்டப்படி அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். தொடுக்கப்படும் வழக்குகளையும் எதிர்கொள்ள வேண்டும். இவற்றுக்கு வழக்கறிஞர்கள் தேவை.

தகவல் பணி: எந்தச் சேவை நின்றது, எப்போது திரும்பும் என்று மக்களுக்கு அவ்வப்போது அறிவிக்க வேண்டும்.

இவ்வளவு செலவிட்டும் காவல் வாகனக் கேமராப் பதிவுகள் பல திரும்பக் கிடைக்கவில்லை. 2018 நவம்பரில் ஈரானியர் இருவர் மீது அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. ஆனால், இழந்த பதிவுகள் இழந்தவையே.

தாக்குதலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, நகரின் தணிக்கை அறிக்கை கணினி அமைப்பிலிருந்த கடுமையான குறைகளைச் சுட்டிக்காட்டியிருந்தது. வருமுன் காப்பதற்கான செலவு பட்டியலில் பெரிதாகத் தெரியும். வந்தபின் மீட்கும் செலவு அதைச் சிறிதாக்கிவிடும்.

எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களைக் கையாளும் நமக்கும் இது பொருந்தும். கடவுச்சொல்லைப் பகிராதிருப்போம். மதிப்பெண் பட்டியல் போன்ற முக்கியக் கோப்புகளின் நகல் ஒன்றைக் கணினியுடன் இணைக்காமல் தனியே பாதுகாப்போம். இவ்விரண்டுக்கும் பெரிய நிதி தேவையில்லை.