மார்கழிப் போர்வைக்கு என்ன நிறம்?

மார்கழி பிறந்துவிட்டால் என் வைத்தியசாலைக்கு வருபவர்களில் பாதிப்பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் வருகிறார்கள். சளிக்கும் இருமலுக்கும் மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, வாசல் வரை போனவர்கள் திரும்பி வந்து ஒரு சந்தேகம் கேட்பார்கள். "ஐயா, சிவப்புப் போர்வைன்னா சூடு அதிகமாமே, நிஜமா?" "பழைய சேலையில அம்மா போர்வை தைக்கிறாங்க, பாப்பாவுக்கு எந்தக் கலர் நல்லது?"

மருந்துக்கும் போர்வை நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். சம்பந்தம் உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது!

சிவப்பு சூடு தருமா?

முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். இருட்டு அறையில் படுத்திருக்கும்போது சிவப்புப் போர்வையும் நீலப் போர்வையும் ஒன்றுதான். உங்களைக் கதகதப்பாக வைத்திருப்பது சாயம் அல்ல, துணி அடுக்குகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் காற்று. அதனால்தான் கனமான ஒற்றைத் துணியைவிட, மெல்லிய நான்கு துணிகளை ஒன்றாக வைத்துத் தைத்த போர்வை நன்றாகக் குளிர் தாங்குகிறது.

வெயிலில் மட்டும் கதை வேறு. கறுப்பு, கருநீலம், அரக்கு போன்ற அடர்ந்த நிறங்கள் வெயிலை அதிகம் இழுத்துக்கொள்ளும். மொட்டை மாடியில் காயப்போட்டால் சீக்கிரம் சூடேறும்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பெரியம்மை கண்டவர்களைச் சிவப்புத் துணியால் போர்த்தி வைத்தார்கள். நோய் இறங்கும் என்ற நம்பிக்கை. சிவப்புத் துணியால் அம்மை இறங்கியதாக நிரூபணம் எதுவும் இல்லை. ஆகவே, போர்வையின் நிறம் நோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

அப்படியானால் நிறத்தைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும். நிறம் உடம்பைச் சூடாக்காது. ஆனால் உடம்பில் நடப்பதை நமக்குக் காட்டிக் கொடுக்கும், சில சமயம் மறைத்தும் விடும்.

நோயாளிக்கு வெளிர் நிறம்

சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டையும் பார்க்க வேண்டும். இதில் 'நிறம்' என்பது நோயாளியின் உடல் நிறம். நகம் வெளுத்திருக்கிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, தோல் மஞ்சளாக இருக்கிறதா என்று வைத்தியர் பார்ப்பார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நோயாளியைக் கழுத்து வரை பளிச்சென்ற மஞ்சள் போர்வையால் மூடியிருக்கிறீர்கள். சன்னல் வெளிச்சம் அந்தத் துணியில் பட்டு முகத்தில் தெறிக்கிறது. முகம் மஞ்சளா, துணி மஞ்சளா? கண்டுபிடிப்பது கஷ்டம். கருநீலப் போர்வை மோவாய் வரை ஏறியிருந்தால், மூச்சுத்திணறலில் உதடு நீலமாவது சட்டென்று கண்ணில் படாது.

ஆஸ்துமா, இருதய நோய் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில், போர்வையின் தலைமாட்டுப் பக்கம் ஒரு முழமாவது வெள்ளை அல்லது சந்தன நிறம் இருக்கட்டும். உதடும் நகமும் நீலம் பூத்தால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. வெளிர் துணியில் சளியில் ரத்தம் கலந்திருந்தால் தெரியும். மூட்டைப்பூச்சியின் கரும்புள்ளி தெரியும். அழுக்கு தெரியும், அதனால் துவைப்போம். "அழுக்குத் தெரியாத கலரா வாங்குங்க" என்று சொல்லி வாங்கிய போர்வைதான் வீட்டிலேயே அழுக்கான போர்வை!

பிஞ்சுக் குழந்தைக்கு மஞ்சள் வேண்டாமே

பிறந்த குழந்தையை மஞ்சள் துணியில் சுற்றுவது பல வீடுகளில் வழக்கம். மங்களம்தான், மறுக்கவில்லை. ஆனால் முதல் 2 வாரங்களுக்கு மட்டும் அதை ஒதுக்கி வையுங்கள்.

பிறந்த 2-ஆம், 3-ஆம் நாளில் நிறையக் குழந்தைகளுக்கு லேசாக மஞ்சள் காமாலை தெரியும். பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். ஆனால் சில குழந்தைகளுக்கு அது அதிகமாகி மூளையைப் பாதிக்கக்கூடும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. "காலை வெயில்ல காட்டினா சரியாயிடும்" என்று பாட்டி சொன்னாலும் சரி, பக்கத்து வீட்டு மாமி சொன்னாலும் சரி, குழந்தைகள் மருத்துவரிடம் காட்டி ரத்தத்தில் அளவு பார்த்துவிடுங்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்.

அந்த மஞ்சளைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், குழந்தையை வெள்ளைத் துணியில் கிடத்தி, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மஞ்சள் துணியும் இரவு விளக்கும் கண்ணை ஏமாற்றும். மாநிறக் குழந்தைகளுக்குத் தோலில் தெரிவது தாமதமாகலாம். கண்ணின் வெள்ளையையும் ஈறையும் பாருங்கள்.

இன்னொன்று. 1 வயது நிரம்பும் வரை தூங்கும் குழந்தையின் மேல் கனமான போர்வை போடவே கூடாது. முகத்தில் ஏறி மூச்சை அடைத்துவிடும். குழந்தைக்கு அடியில் மெத்து மெத்தென்று விரிப்பதும் ஆகாது. உடம்போடு ஒட்டிய பருத்திச் சட்டை போதும், குளிர் அதிகமானால் இன்னொரு சட்டை போடுங்கள். அப்படியானால் பாட்டி ஆசையாகத் தைத்த போர்வை? குழந்தை விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, தரையில் விரித்து விளையாட விடுங்கள். பிறந்த குழந்தைக்கு ஒரு சாண் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதிலும் கறுப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து இருந்தால்தான் கண் அதில் நிற்கும். வெள்ளைத் துணியில் நாலு கறுப்புக் கட்டம், ஒரு சிவப்பு வட்டம் வைத்துத் தைத்தால் அது போதும், வேறு பொம்மை வேண்டாம்.

தாத்தா பாட்டிக்கு நீலம் ஏன் சரிப்படாது?

குளிர்காலப் போர்வை என்றதும் மேல்நாட்டுப் புத்தகங்களில் போடும் நிறங்கள் எல்லாம் பனியைப் பார்த்து வந்தவை. வெண்பனி வெள்ளை, உறைபனி நீலம், சாம்பல். பார்க்க அழகுதான். ஆனால் 60 வயதைத் தாண்டியவர்களின் கண்ணில் இந்த நிறங்கள் அடிபட்டுப் போகும்.

காரணம் இதுதான். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் பழுப்பேறுகிறது. மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் நீலமும் ஊதாவும் மங்கிவிடும். கருநீலம் கறுப்பாகத் தெரியும், வெளிர் நீலம் சாம்பலாகத் தெரியும். கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தவர்கள், "வானம் இவ்வளவு நீலமா!" என்று ஆச்சரியப்படுவது இதனால்தான்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ராத்திரி எழுந்து கழிவறைக்குப் போகிற பெரியவர், கட்டிலிலிருந்து சரிந்து கிடக்கும் போர்வையில் கால் சிக்கி விழுகிறார். இடுப்பெலும்பு முறிந்தால் அப்புறம் மாதக்கணக்கில் படுக்கைதான். சிவப்புச் சிமெண்ட் தரையில் சிவப்புப் போர்வை கிடந்தாலும், வெள்ளை டைல்ஸில் வெள்ளைப் போர்வை கிடந்தாலும் தெரியாது. ஆகவே பெரியவர்களின் போர்வை தரையின் நிறத்துக்கு எதிராக இருக்கட்டும். நான்கு ஓரமும் நாலு விரல் அகலத்துக்கு, நடுப்பகுதிக்கு நேர்மாறான கரை வையுங்கள். வெளிர் போர்வைக்கு அரக்குக் கரை, அடர் போர்வைக்கு எலுமிச்சைக் கரை. கட்டிலுக்குக் கீழே தொங்காத அளவாகவும் இருக்க வேண்டும்.

நம் பனிக்கு நம் நிறங்கள்

நம் ஊரில் மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. இந்தப் பனியில் சேரும் கபம்தான் வேனிலில் தொல்லை கொடுக்கிறது என்பது சித்த மருத்துவம். சென்னையில் மார்கழி இரவுகூடப் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். ஊட்டியிலோ உறைபனி விழும். ஆகவே சமவெளியில் இருப்பவர்கள் ஜெய்ப்பூர் ரஜாயைப் பார்த்து ஏங்க வேண்டாம். நான்கு அடுக்குப் பருத்திப் போர்வை தாராளம்.

நிறத்துக்கு வாசலைப் பாருங்கள். கோலமாவு வெள்ளை, காவிச் சிவப்பு, பூசணிப்பூ மஞ்சள், அதன் இலைப் பச்சை. இதைவிடப் பொருத்தமான குளிர்கால வரிசை எங்கே கிடைக்கும்? ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நூறு பங்கில் 60 பங்கு ஒரே நிறம், 30 பங்கு துணை நிறம், 10 பங்கு எடுப்பான நிறம். மூன்றும் சமமாக வந்தால் கண்ணுக்கு இரைச்சலாக இருக்கும்.

பெரியவர்களுக்கு: சந்தன வெள்ளை 60, காவி 30, பூசணிப்பூ மஞ்சள் 10.

பள்ளிப் பிள்ளைகளுக்கு: இலைப் பச்சை 60, வெள்ளை 30, செம்பருத்திச் சிவப்பு 10.

மலையில் இருப்பவர்களுக்கும் இளவட்டங்களுக்கும்: கருநீலம் 60, சாம்பல் 30, செங்கல் நிறம் 10. அந்தப் பத்துப் பங்கு செங்கல் இல்லாவிட்டால் போர்வையே ஜில்லென்று தோன்றும்.

துணிகளைத் தரையில் பரப்பி, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எவை இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றனவோ, அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். பகலில் ஒரு தடவையும், ராத்திரி உங்கள் அறை விளக்கில் ஒரு தடவையும் பாருங்கள்.

தைப்பது எப்படி?

வங்காளத்தில் பழைய வெள்ளைச் சேலைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைப்பார்கள். அதுதான் காந்தா. கர்நாடகத்தில் வட கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள், துண்டுத் துணிகளை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தைத்து 'கவண்டி' செய்கிறார்கள். நாமும் தைக்கலாம்.

ஒரு சேலை சுமார் 18 அடி. அதில் 7 அடித் துண்டு இரண்டு வெட்டினால் 4 அடி மிஞ்சும். 2 சேலையில் 4 அடுக்குப் போர்வை ஒருவருக்குத் தயார். மிஞ்சியதில் கரையும் ஒட்டுத் துணியும் ஆயிற்று. இரண்டு விரல் இடைவெளியில் நூலோட்டம் போட்டால் அடுக்கு நழுவாது. நைலான், பாலியஸ்டர் வேண்டாம். கொசுவர்த்தி நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

பஞ்சு அடைத்த ரஜாயை வீட்டில் துவைக்க முடியாது, இதைத் துவைக்கலாம். வீசிங் உள்ளவர்களுக்கு இதுதான் முக்கியம். தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் 60 டிகிரி வெந்நீரில் சாகும். துவைத்த பிறகு உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் போட்டால் நிறம் சீக்கிரம் வெளுக்காது.

சாயத்தைச் சோதியுங்கள்

தைப்பதற்கு முன்பே ஈர வெள்ளைத் துணியால் ஒவ்வொரு துணியையும் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் 3, 4 முறை தனியாக அலசுங்கள். அப்போதும் நிற்கவில்லையா, அந்தத் துணி மிதியடிக்குத்தான். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது வெறும் நம்பிக்கை. புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களாகச் சிதையக்கூடிய சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994-இல் தடை செய்தது, இந்தியா 1997-இல் தடை செய்தது. ஆகவே சாயம் போகிற மலிவுத் துணியைக் குழந்தை வாயில் வைத்துச் சப்ப விடாதீர்கள்.

"அப்ப மூலிகைச் சாயம் போடலாமா ஐயா?" போடலாம். அவுரி நீலம் தரும், சாயவேர் சிவப்புத் தரும், மஞ்சளும் கடுக்காயும் மஞ்சள் தரும். நாலும் எங்கள் மருந்துப் பெட்டியில் இருப்பவைதான். சாயவேருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் இம்பூறல், இருமலுக்குத் தரும் மூலிகை. ஆனால் போர்த்திக்கொண்டால் இருமல் போகாது, உள்ளுக்குச் சாப்பிட்டால்தான் மருந்து! மஞ்சள் சாயத்தில் சோப்புப் பட்டால் சிவக்கும், வெயிலில் வெளுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன யோசனை. தலைமாட்டு ஓரத்தில் ஒரு நிறம், கால்மாட்டு ஓரத்தில் வேறு நிறம் வைத்துத் தையுங்கள். நேற்றுக் கால் பட்ட பக்கம் இன்று மூக்கில் படாது. மார்கழியில் சளி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுவதைக் குறைக்க, ஆளுக்கு ஒரு போர்வை, ஆளுக்கு ஒரு நிறம். பிள்ளைகள், "இது என்னோடது" என்று சண்டை போடட்டும். அந்தச் சண்டை உடம்புக்கு நல்லது!