குடியுரிமை வழக்கு: உரிமையும் சலுகையும்

'குடி' என்னும் சொல் தமிழில் வீட்டையும் குடும்பத்தையும் நாட்டு மக்களையும் ஒருங்கே குறிக்கும். அச்சொல்லை அடியாகக் கொண்டு குடிபெயர்வு, குடிநுழைவு, குடியுரிமை என்னும் மூன்று சொற்கள் இன்று வழங்குகின்றன. பிறந்த ஊரை விட்டுப் புறப்படுவது குடிபெயர்வு. பிறிதொரு நாட்டினுள் புகுவது குடிநுழைவு. அந்நாடு தன் மக்களுள் ஒருவராக ஏற்பது குடியுரிமை. பேராக் மாநிலத் தோட்டத் தமிழருள் சிலர் முதலிரண்டையும் கடந்தும் மூன்றாவதன் வாயிலிலேயே தலைமுறைகளாக நிற்கின்றனர். அவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞரின் பணி எத்தகையது என்பதை ஈண்டுக் காண்போம்.

சிக்கலின் தோற்றம்

மலாயா 1957 ஆகஸ்டு 31-ஆம் நாள் விடுதலை பெற்றது. அன்று முதல் 1962 செப்டம்பர் இறுதி வரை இம்மண்ணில் பிறந்தோர், தூதர் பிள்ளைகள் போன்ற சிலர் நீங்கலாக, பிறப்பினாலேயே குடிமக்களாயினர். அதன் பின்னர் மண் மட்டும் போதாதாயிற்று. பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்னும் விதி வந்தது. விடுதலைக்கு முன் பிறந்தோருள் பலர் மனுச் செய்து பதிந்துகொள்ள வேண்டியவர்கள். எழுத்தறியாமையாலும் அதன் இன்றியமையாமையை உணராமையாலும் அவருள் பலர் வாளாவிருந்துவிட்டனர். 1969-ஆம் ஆண்டுக் கலவரத்திற்குப் பின், குடிமக்கள் அல்லாதோர் வேலை செய்ய அனுமதிச்சீட்டுப் பெற வேண்டுமென்ற சட்டம் இறுக்கமாக நடைமுறைக்கு வந்தபோதுதான் அதன் விளைவு புலனாயிற்று. பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். எஞ்சியோருள் பலர் சிவப்பு அடையாள அட்டையோடு காலங்கழித்தனர்.

திருமணமும் பிள்ளையும்

பிறிதொரு காரணமும் உண்டு. 1982 மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்த திருமணச் சட்டத்தின்படி, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. திருமணம் பதிவு செய்யப்படல் வேண்டும். பதியாவிடின், பிறக்கும் பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயை மட்டுமே சாரும். தந்தை குடிமகனாயினும் அவ்வுரிமை பிள்ளைக்கு இறங்காது. தாய்க்குப் பத்திரம் இல்லையெனில் பிள்ளையும் நாடற்றதாகிவிடலாம். ஊரறிய மணந்தவர்க்கு இது விளங்காத புதிராகவே தோன்றும்.

சான்று தேடல்

ஆதலின் வழக்கறிஞர் முதலில் வினவுவது, எந்நாளில், எங்கே, யாருக்குப் பிறந்தார் என்பதே. விடை எளிதன்று. 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அக்கேட்டைத் தடுக்கவே. பின்னர் ரப்பர் மறைந்து செம்பனையும் வீட்டுமனைகளும் வந்தன. தோட்டம் கைமாறும்போது அலுவலக ஏடுகளும் சிதறின. மருத்துவமனைக் குறிப்பு, பழைய செக்ரோல், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, லயத்தில் உடன் வாழ்ந்த முதியவரின் சத்தியப் பிரமாணம் ஆகியவற்றைத் திரட்டியே வழக்கு எழுப்பப்படுகிறது.

உரிமையா, சலுகையா?

இங்கே ஒரு வேறுபாட்டை நன்கு உணர்தல் வேண்டும். அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவு கூறும் குடியுரிமை, சட்டத்தின் செயலால் தானே வருவது, அது உரிமை. 15ஏ பிரிவோ, வயது நிரம்பாதோரைத் தனிச் சூழ்நிலையில் அரசு பதிந்துகொள்ளலாம் என்பது, அது சலுகை. சலுகை மறுக்கப்பட்டால், அம்முடிவை நீதிமன்றம் மறு ஆய்வு செய்யலாகாதென அரசியலமைப்பே தடை விதிக்கிறது. உரிமை மறுக்கப்பட்டாலோ நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருக்கும். ஆதலின் எப்பிரிவின்கீழ்க் கேட்பது என்பதிலேயே வழக்கறிஞரின் திறன் விளங்கும். நீதிமுறை மறு ஆய்வு வேண்டுமெனின், முடிவு கிடைத்த மூன்று மாதத்துள் மனுச் செய்தல் வேண்டும். காலந்தாழ்த்தினால் வழக்கு நிற்பது அரிது. பெற்றவர் இன்னாரெனத் தெரியாது தத்தெடுக்கப்பட்ட ஒரு பிள்ளை சட்டத்தின் செயலாலேயே குடியுரிமை உடையது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021 நவம்பரில் தீர்ப்பளித்தது, உரிமை வழியே கேட்டதன் பயனாகும்.

ஆசிரியர் கடன்

15ஏ பிரிவின் வயது வரம்பு 21-ஆக இருந்தது. அதனை 18-ஆகக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2024-இல் ஏற்றது. நிரந்தரவாசியரின் பிள்ளைகள் தாமே குடிமக்களாகும் வழியை நீக்குவதும் அத்திருத்தத்தில் அடங்கும். எனவே சிவப்பு அட்டைக் குடும்பங்களுக்குக் காலம் சுருங்கி வருகிறது.

பன்னிரண்டு வயதில் மாணவர் அடையாள அட்டைக்கு மனுச் செய்வர். அவ்வேளையில் பின்வாங்கி நிற்கும் பிள்ளையை முதலில் காண்பவர் ஆறாம் ஆண்டு ஆசிரியரே. அப்பிள்ளையின் பெற்றோரை ஈப்போவிலுள்ள சட்ட உதவி மையத்திற்கேனும் குடியுரிமை வழக்கில் பழகிய வழக்கறிஞரிடமேனும் உடனே அனுப்புதல் நலம். மூடப்படும் தோட்டப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கறையானுக்கு இரையாக்காது காப்பதும் அவர் கடனே. அதில் உள்ள ஒரு வரி, பின்னொரு நாள் ஒரு குடும்பத்தின் நாட்டுரிமைக்கே சான்றாகக்கூடும்.