பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். செல்ஃப் சுற்றவில்லை. ‘பேட்டரி போச்சு’ என்று தீர்ப்பு வந்துவிடும். புதுசு வாங்கி மாட்டுவார்கள். சில நாளில் மறுபடியும் அதே ‘டக்’. பழைய கார் வைத்திருக்கும் பலருக்கு இது பழகிய செலவு. பெரும்பாலும் வீண் செலவு.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகும் வழியில், உடையார்பாளையம் பக்கமெல்லாம் மாருதி 800-ம் அம்பாசிடரும் இன்னும் கண்ணில் படுகின்றன. இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோனது. ஆகவே அவற்றில் மிக இளைய வண்டிக்கும் பத்து வயது தாண்டிவிட்டது. அந்த வயதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த்தை.

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் மின்சாரம் போக ஒயர் உண்டு. திரும்பி வரப் பெரும்பாலும் தனி ஒயர் கிடையாது. பாடியின் இரும்புத் தகடே திரும்பும் பாதை; அதைத்தான் எர்த் என்கிறோம். என்ஜினோ ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது என்பதால் என்ஜினைப் பாடியோடோ பேட்டரியோடோ தடித்த எர்த் ஒயரால் இணைத்திருப்பார்கள். அதன் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறினால் கதை மாறிவிடும்.

செல்ஃப் சுற்றும்போது 150 ஆம்பியர் பாய்கிறது என்று வையுங்கள். துருவின் தடை வெறும் 0.01 ஓம் என்றாலும், ஓம் விதிப்படி 1.5 வோல்ட் அங்கேயே வெப்பமாகப் போய்விடும். சில வண்டிகளில் அந்த மின்னோட்டம் வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சுட வைக்கும். ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் சூடானால் எர்த் போய்விட்டது என்று பொருள்.

இந்தக் கோளாறு ஏமாற்றுவது எப்படி? வண்டி சும்மா நிற்கையில் மல்டிமீட்டர் வைத்தால் 12.6 வோல்ட் காட்டும். எல்லாம் சரி என்று தோன்றும். பாதி அடைத்த தண்ணீர்க் குழாயிலும் திருகை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே மின்சாரம் பாயும்போதே அளக்க வேண்டும். மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை என்ஜினின் வெறும் உலோகத்திலும் தொட்டுக்கொண்டு, இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த்தான். பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த முனைக்கும் இடையே இதே சோதனை அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடும்.

பின்விளக்கிலும் இதே நாடகம்தான். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குகிறதா? பல்பைக் குறை சொல்லாதீர்கள். பொது எர்த் கெட்டதால் ஒரு பல்பின் மின்சாரம் அடுத்த பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கிறது. ஹெட்லைட்டும் அப்படியே: 12 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 11 வோல்ட் போனால் வெளிச்சத்தில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். இரவில் லாரிகள் ஓடும் சாலையில் அது சின்ன விஷயமில்லை.

அரியலூர், சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் உள்ள மாவட்டம், தூசுக்குப் பஞ்சமில்லை. ஐப்பசி மழையில் அந்தத் தூசு நனைந்து பேட்டரியின் மேல்மூடியில் படிந்தால், ஆசிட் கசிவோடு சேர்ந்து இரு கம்பங்களுக்கும் இடையே மின்சாரம் மெல்லக் கசியும். துணியால் துடைத்து, டெர்மினலில் பூத்த உப்பைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவிக் காயவைத்து, வாசலின் தடவினால் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பானர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும்.

ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஃபியூஸ் உருகவில்லையென்றால் ஒயர் உருகும், வண்டியே எரியும். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. புதிய பேட்டரி வாங்கச் சொல்லும் எலக்ட்ரீஷியனிடம், ‘செல்ஃப் அடிக்கையில் எர்த்தை அளந்தீர்களா அண்ணே?’ என்று ஒரு தடவை கேளுங்கள்.