கபாலத்தின் அடித்தளத்தில் பூஞ்சை

கண்ணுக்குப் புலப்படாத பிரதேசம்

மூளையைத் தாங்கி நிற்கும் கபாலத்தின் அடித்தளம் கண்ணால் காணவும் கையால் தொட்டறியவும் இயலாத பிரதேசம். மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளும், மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருங்குழாய்களும் அதன் துவாரங்களின் வழியாகவே செல்கின்றன. மூக்கின் பின்னுள்ள காற்றறைகளுக்கும் அதற்கும் நடுவே நிற்பது மெல்லிய எலும்புச் சுவர்தான். ஆகையால் அன்றாடம் நாம் சுவாசத்தோடு உள்ளிழுக்கும் பூஞ்சை வித்துக்களில் சில, உடலின் எதிர்ப்புச் சக்தி க்ஷீணித்த சமயம் பார்த்து அக்காற்றறைகளில் வேரூன்றிவிடுமானால், எலும்பை அரித்துக்கொண்டு உள்ளே புகுவது அவற்றுக்கு அசாத்தியமன்று.

யாரைப் பற்றுகிறது?

அழுகும் இலைதழைகளில் வளரும் மியூகார் வகையும் அஸ்பெர்ஜில்லஸ் வகையுமே பெரும்பாலும் இதற்குக் காரணம். கட்டுக்கடங்காத சர்க்கரை வியாதி உள்ளவர்களும், ஸ்டீராய்டு மருந்தை அளவு மீறி உட்கொண்டவர்களும், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுமே எளிதில் இதற்கு இரையாகிறார்கள். 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையில் பாமரரும் அறிந்த ‘கருப்புப் பூஞ்சை’ மியூகாரின் விளைவே. பெயர்தான் பொருத்தமில்லை: கருப்பாவது பூஞ்சையன்று, இரத்த ஓட்டம் அற்று மரித்துப்போன சதை.

தலைவலியின் வேஷத்தில்

இவ்வியாதியின் விபரீதம் அதன் வேகத்தைக் காட்டிலும் அதன் வேஷத்தில் இருக்கிறது. மியூகார் சில நாட்களிலேயே கண்ணையும் முகத்தையும் தாக்கித் தன்னைக் காட்டிக்கொண்டுவிடும். அஸ்பெர்ஜில்லஸோ வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், ஓயாத தலைவலியாக மட்டுமே இருந்து, பின்பு ஒருநாள் பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவதிலோ, இமை சரிவதிலோ, குரல் கம்முவதிலோ வந்து நிற்கும். அப்போது எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தைக் கண்டு புற்றுநோய் என்றும் க்ஷயம் என்றும் மயங்குவதுண்டு. நரம்பைச் சூழ்ந்த வெறும் வீக்கமென்று கருதி ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால், வலி சில தினங்கள் தணிந்து நோயாளி மகிழ்ந்திருக்கும்போதே பூஞ்சை உள்ளே செழித்து வளரும். அவ்விடத்துச் சதையில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதிக்கும் வரையில் எந்த முடிவும் அனுமானமே.

சிகிச்சை

செத்த சதையை அகற்றும் அறுவையும் பூஞ்சைக் கொல்லி மருந்தும் சேர்ந்தே வேண்டும். அஸ்பெர்ஜில்லஸுக்கு முதன்மையான வோரிகோனசோல் மியூகாரிடம் பலிப்பதில்லை. அதற்கு ஆம்போடெரிசின் தேவை, அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியதாகையால் அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் தேவை.

சர்க்கரை வியாதியுள்ள அன்பர்களே! விடாத தலைவலியோடு இரட்டைப் பார்வையோ, முக மரப்போ, மூக்கில் கரிய பொருக்கோ கண்டால் மருந்துக் கடையில் மாத்திரை கேட்டு நிற்காமல், அன்றே காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் செல்லுங்கள். உட்கொண்ட ஸ்டீராய்டையும் மறைக்காமல் சொல்லுங்கள்.