வீட்டின் குளிர்ச்சியை எழுத்தில் வாங்குங்கள்

மே மாதத்து இரவு பதினோரு மணிக்குத் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ ஒரு காங்கிரீட் வீட்டில், கட்டில் மேல் ஏறி நின்று தளத்தின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளியே காற்று ஆறியிருக்கும், தளம் ஆறியிருக்காது. பகலெல்லாம் குடித்த வெயிலை அது அப்போதுதான் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி சுழற்றுவதும் அந்தச் சூட்டைத்தான். முடிந்தவர்கள் பாயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். கைக்குழந்தைக்காரியும் படுக்கையில் கிடக்கும் பெரியவரும் உள்ளேயே வேகிறார்கள்.

பகலில் வெயில் தாங்கிய உடம்பு இரவில் ஆற வேண்டும். ஆறாத உடம்புக்கு மறுநாள் வெயில் இரட்டைச் சுமை. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. மரணத்துக்கு வெப்பமே காரணம் என்று மருத்துவப் பதிவில் இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். வயலில் சரிந்தவர் மட்டுமல்ல, வீட்டுக்குள் மயங்கிக் கிடந்தவரும் வெப்பத்தால் பாதிக்கப்பட்டவராக இருக்கலாம். இதை மருத்துவமனையில் தயங்காமல் சொல்லுங்கள்.

தருமபுரிக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். சூடான வீட்டில் இருப்பவர் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பார். அது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீராக இருந்தால் ஃப்ளூரைடும் கூடுதலாக உள்ளே போகும். கூரையின் சூட்டுக்கும் ஃப்ளூரைடால் பல்லில் தோன்றும் பழுப்புக் கறைக்கும் இப்படியும் ஒரு தொடர்பு ஏற்படலாம்.

தருமபுரி பாலைவனம் அல்ல. ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆனால் மாசியிலிருந்து வைகாசி வரை வறண்ட நாட்டின் குணம் இங்கே வந்துவிடுகிறது. பாலைவன நகரான ஜெய்சால்மரின் பழைய வீடுகளில் தடித்த கல்சுவரும், நடுமுற்றமும், வெயிலை வடிகட்டும் கல் சாளரமும் உண்டு. நம் பக்கத்துத் தொட்டிக்கட்டு வீடுகளுக்கும் இதே அறிவு இருந்தது: மண்சுவர், நாட்டு ஓடு, திண்ணை, முற்றம். சுவருக்குப் பாலைவனத்தைப் பார்க்கலாம். தாழ்வாரத்துக்கு மழைநாட்டைத்தான் பார்க்க வேண்டும், மண்சுவரை மழையிலிருந்து காப்பது அகன்ற தாழ்வாரம்தான். அரூர் வட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையே இருக்கும் சிட்டிலிங்கியில், மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-இல் பழங்குடி மக்களுக்காகத் தொடங்கிய மருத்துவமனை முதலில் ஒரு மண் குடிசையில்தான் நடந்தது. உள்ளூர் மண்ணை ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இழப்பு என்றே நினைக்கிறேன்.

வீடு கட்டப் போகிறவர்கள் இரண்டு இடங்களைக் கவனித்தால் போதும், பாதிச் சூடு தீர்ந்துவிடும். ஒன்று கூரை. ஏப்ரல் 22-ஐ ஒட்டி நடுப்பகல் சூரியன் தருமபுரிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. கோடை முழுக்க மிகுதியான வெயிலை வாங்குவது தளம்தான். அதன்மேல் சுண்ணாம்பில் கலந்த செங்கல் ஜல்லி போட்டு, தட்டோடு பதித்து, வெள்ளை பூச வேண்டும். மற்றொன்று மேற்குச் சுவர். மாலை வெயில் சாய்வாக வருவதால் சன்ஷேடு அதைத் தடுக்காது. அந்தப் பக்கம் கழிப்பறை, சாமான் அறை, மாடிப்படி ஆகியவற்றை வையுங்கள், படுக்கையறையை வைக்காதீர்கள். நாலு அங்குல ஹாலோ பிளாக் சுவருக்குப் பதில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் எழுப்புங்கள். நடுவில் காற்றிடைவெளி விடும் எலிப்பொறிக் கட்டு முறையில் கட்டினால் செங்கலும் மிச்சமாகும். சற்றுத் தள்ளி வேம்போ புங்கமோ நட்டுவிடுங்கள்.

சன்னல் அளவுக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒரு கணக்கு உண்டு. வறண்ட வெப்பப் பகுதியில் சன்னல் திறப்பு, தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. 120 சதுர அடி அறைக்கு 12 சதுர அடி. எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தால்தான் காற்று ஓடும்.

அரசு வீட்டுத் திட்டப் பயனாளிகளுக்கு ஒரு சொல். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டைக் கட்ட வேண்டியவர் பயனாளியே, ஒப்பந்ததாரரை உங்கள் தலையில் கட்ட யாருக்கும் அதிகாரமில்லை. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியில் 300-க்குக் காங்கிரீட் தளம், மீதி 60-க்குத் தீப்பிடிக்காத பொருளில் உங்கள் விருப்பக் கூரை. அந்த அறுபதை மேற்குப் பக்கம் ஓடு வேய்ந்த திண்ணையாக்கினால், வீட்டுக்கு அதைவிடப் பெரிய நிழல் கிடையாது. யாராவது பணம் கேட்டாலோ தவணையை இழுத்தடித்தாலோ 1100 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்கலாம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும்.

சொந்தப் பணத்தில் கட்டுகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான். “சதுர அடிக்கு இவ்வளவு” என்று மேஸ்திரி சொல்வார், நாமும் தலையாட்டுவோம். தட்டோடு அந்த விலைக்குள் அடங்குமா என்று கேட்க மாட்டோம். கடைசியில் கைக்காசு தீர்ந்து, தளம் மொட்டையாக நிற்கும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி வீடு கட்டித் தருவதும் சேவையே. செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-ஐ அழைக்கலாம்.

ஆனால் “வீடு சுடுகிறது” என்ற புகார் மட்டும் ஆணையத்தில் நிற்பது கடினம். “தட்டோடு பதிப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிக்கவில்லை” என்ற புகார் நிற்கும். ஆகவே தளத்தின் மேல் என்ன பூச்சு, மேற்குச் சுவர் எத்தனை அங்குலம், சன்னல் எத்தனை சதுர அடி, தள உயரம் எவ்வளவு என்பதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு தவணையையும் ஒரு வேலையோடு கட்டுங்கள், தட்டோட்டுக்கான பணம் தட்டோடு பதித்த பிறகு. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், கட்டும்போதே படம் எடுத்து வையுங்கள்.

பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவதும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் ரஞ்சித்சிங் வழக்கில் சொன்னது. தார் பாலைவனத்துக் கானமயிலைக் காக்கத் தொடுத்த வழக்கு அது. இந்தத் தீர்ப்பைக் காட்டிக் குளிர்ந்த வீடு கேட்க முடியாதுதான். ஆனால் அரசு உதவியில் கட்டும் வீட்டில் வெயிலை எண்ணிப் பாருங்கள் என்று மனுவில் எழுத அது தைரியம் தருகிறது.

மழைநீர்த் தொட்டியையும் மறக்க வேண்டாம், தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 360 சதுர அடித் தளத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 22 ஆயிரம் லிட்டர் பிடிக்கலாம். முதல் மழையை வெளியே விட்டு, வடிகட்டி, மூடிய தொட்டியில் சேர்த்தால் குடிக்கவும் சமைக்கவும் ஃப்ளூரைடு இல்லாத நீர்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் மாசி முடிவதற்குள் தளத்தைக் கழுவி, நீற்றிய சுண்ணாம்பைப் பசை கலந்து இரண்டு தடவை பூசுங்கள். மழையில் கரைந்துவிடும், ஆண்டுதோறும் பூச வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டுக்கும் மேலே வெள்ளை பூசலாம். ஆனால் உலர்ந்த ஷீட்டைச் சுரண்டாதீர்கள், அறுக்காதீர்கள், துளையிடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஷீட் மேல் ஏறி மிதிக்கவும் கூடாது, உடைந்து விழுந்தவர்கள் பலர். கீழிருந்தே நீளமான கழியில் பூச்சுருளைக் கட்டிப் பூசுங்கள்.