கற்பூரமும் செலுலோயிட்டும்

கற்பூரம் என்றவுடன் நம் புலவர்க்கு நினைவில் எழுவது, எரிந்தபின் எச்சம் விடாத அதன் இயல்பே. உயிர் இறையொடு ஒன்றுதற்கு அதனை உவமை கூறிப் பழகிவிட்டோம். தமிழ் கற்பிக்கும் எனக்கு இரசாயனம் புறத்துறையே. ஆயினும் அக்கற்பூரம் பிறிதொன்றிற் கலந்து அதனை உடையாமற் காத்த வரலாறு, மாணாக்கர் அறியத்தக்கதெனக் கருதுகின்றேன்.

பஞ்சை நைத்திரிக்கமிலமும் கந்தகவமிலமும் சேர்ந்த கலவையில் தோய்த்துப் பெறுவது நைத்திரோசெலுலோசு. அதன் மூலக்கூறுகள் நெடுஞ்சங்கிலிகள். அவை ஒன்றையொன்று இறுகப் பற்றிக் கிடத்தலின், அப்பொருள் தனித்து நிற்கையில் விறைத்து எளிதில் உடையும். உருக்கி வார்க்கலாமென்றாலோ, உருகுமுன்னரே சிதைந்து தீப்பற்றும். இலண்டன் கண்காட்சியில் 1862இல் அலெக்சாந்தர் பார்க்கெசு என்பார் இதனாற் செய்த பொருள்களை வைத்தார். அவை நாளடைவிற் கோணி வெடித்தன, தொழிலும் நொடித்தது.

அமெரிக்காவின் ஒல்பனி நகரில் அச்சுத்தொழில் செய்த யோன் ஹயற், பில்லியட் பந்துக்கு யானைத்தந்தத்தின் மாற்றைத் தேடியவர். அம்மாற்றுக்கு 10,000 டொலர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. அவரும் உடன்பிறந்தாரும் கற்பூரத்தைச் சேர்த்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்துப் பிசையும் முறைக்கு 1870இல் உரிமை பெற்றனர். அப்பொருளே செலுலோயிட்டு.

கற்பூர மூலக்கூறு சிறிது, பந்துபோல் திரண்டது. சங்கிலிகளுக்கிடையே புகுந்து, அவற்றோடு தான் ஒட்டிக்கொண்டு, அவற்றின் நேர்ப்பிடியைத் தளர்த்துகின்றது. வளைக்கும்போது சங்கிலிகள் ஒன்றன்மேலொன்று வழுக்கி இடங்கொடுப்பதால் பொருள் முறிவதில்லை. பிணிப்பை நெகிழ்த்துவதால் இத்தகைய சேர்பொருளை 'நெகிழ்த்தி' என வழங்கலாமென்பது என் கருத்து. நீண்ட மொழிபெயர்ப்புகளினும் அது நாவுக்கு இனிது.

சீப்பு, பாவை, கழுத்துப்பட்டி, ஒளிப்படச்சுருள் எனச் செலுலோயிட்டு பெருகிற்று. மேசைப்பந்து உலகப் போட்டிகளில் 2014 வரை ஆண்டதும் அதுவே. பெருகியவளவு தைவான் மலைகளிற் கற்பூரமரங்கள் வீழ்ந்தன. 1899இல் யப்பானிய ஆட்சி அங்குக் கற்பூரத்தைத் தன் தனியுரிமையாக்கியது. அம்மலைவாழ் குடிகளின் இன்னலைச் சீப்பு வாங்கினோர் எவரும் எண்ணியிரார்.

கற்பூரத்துக்குப் பதங்கமாகும் இயல்பு என்றும் உண்டு. சுருளிலிருந்து அது மெல்ல வெளியேற, சுருள் சுருங்கி விறைக்கும். நைத்திரேற்றும் தானே சிதையும். படச் சேமநிலையங்கள் குளிரறைகளில் வைத்து இவ்விரண்டையும் தாழ்த்துகின்றன. முதற் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்தபோது திரைப்படங்கள் இவ்வகைச் சுருளிலேயே பதிவாயின. அதன் படி ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை.